காலி டோலி

ஜனவரி 23, செவ்வாய்

நிலாவுக்கு விட்ட வண்டி பத்திரமாக இறங்கிய வருஷம். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மார்கழி பிறந்த கையோடு தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தது. புளியரையில் இருந்து பாஸ்போர்ட்டு விஷயமாகப் போன நான் மேலப்பாளையத்தில் ஒரு மரக்கடை மாடியில் மூன்று நாள் கிடந்தேன். வெள்ளம் வடிந்து, தை பிறந்து, பொங்கல் கரும்பு காய்வதற்குள் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டான் மகன் மதியழகன். அவன் ஆப்பிரிக்காவில், தான்சானியா தேசத்தில், போர்வெல் இஞ்சினியர். நாங்கள் இப்போது இருக்கும் ஊர் மோஷி. கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரம்.

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு. எழுதுகிறவர் சிஸ்டர் பிலோமினாள். வடக்கன்குளத்துக்காரர். இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறதாம். நாங்கள் தங்கியிருப்பது அவர்கள் மடத்து விருந்தினர் அறையில்தான்.

"என் தமிழ் துருப்பிடிக்கி அண்ணாச்சி. தினமும் சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றார்.

"நான் பேசுதது எழுதுத மாதிரி இருக்காதேம்மா."

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க பொய் மட்டும் சொல்லாதீங்க."

போன வருஷத்து டைரி ஒன்று கொண்டுவந்திருக்கிறார். கிழமையை அடித்து அடித்து மேலே எழுதுகிறார்.

மகன் அடுத்த வாரம் புதன்கிழமை மலை ஏறுகிறான். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் பின்னால் வந்து சேருவார்கள். ஏழு நாள் ஏற்றம். இந்த உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று ஒரு வாரம் முந்தியே வந்துவிட்டோம்.

ஜனவரி 24, புதன்

மலை தெரியவில்லை. எல்லோரும் ஒரு மேகத்தைக் காட்டி அங்கே இருக்கிறது என்கிறார்கள்.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

விடியற்காலை தெரிந்துவிட்டது. முற்றத்துக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டு நிமிர்ந்தால், நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு ரொம்ப மேலே, வானத்தில் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு தலை. கையெடுத்துக் கும்பிட்டேன். வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டேன். ஏழு மணிக்கு மறுபடி மூடிக்கொண்டது.

பிறகு மகனோடு ஊர் சுற்றினேன். சாலை நடுவில் ஒரு கடிகாரக் கோபுரம். அங்கிருந்து சரிவில் இறங்கினால் பழைய ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷன் அழகாக இருக்கிறது, ரயில்தான் எப்போதாவது. தண்டவாளத்தில் ஒரு பெண் சோளம் காயப் போட்டிருந்தாள். "கரிபு, ம்ஸே" என்றாள். கரிபு என்றால் வாங்க. ம்ஸே என்றால் பெரியவர். இங்கே நரைத்த தலையைக் கண்டால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் 'யோவ் டோலி' என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம்.

திரும்பி அந்தச் சரிவில் ஏறும்போது மகன் மூன்று இடத்தில் நின்றான். முதல் இடத்தில் தொப்பியைக் கழற்றி உதறினான். இரண்டாவது இடத்தில் செல்போனைப் பார்த்தான். மூன்றாவது இடத்தில் ஒரு மரத்தைப் போட்டோ எடுத்தான். இறங்கும்போதே அந்த மரத்தை எடுத்துவிட்டான்.

சிஸ்டர் கேட்கிறார், இதில் என்ன இருக்கிறது என்று.

நான் முப்பத்தொரு சீசன் பம்பையிலிருந்து சபரிமலைக்கு டோலி தூக்கியவன். இரண்டு மூங்கில், நடுவில் பிரம்பு நாற்காலி, தூக்க நாலு ஆள். ஏற முடியாத சாமிமார்களை உட்காரவைத்துச் சன்னிதானம் வரை கொண்டு போக வேண்டும். கூட்டத்தில் யார் ஏறுவான், யார் எத்தனையாவது வளைவில் உட்காருவான் என்று அடிவாரத்திலேயே கண்டுபிடித்தால்தான் எங்களுக்கு அடுப்பு எரியும். மூச்சு முட்டுகிறவன் ஒருநாளும் மூச்சு முட்டுது என்று சொல்ல மாட்டான். காடு நல்லா இருக்கு என்பான். செருப்பில் கல் என்பான். காது மடலையும் நகத்தையும் பார்த்தால் நிறம் சொல்லிவிடும்.

மகனின் நகத்தைப் பார்த்தேன். சிஸ்டரிடம் நிறம் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றேன். இதையும் எழுதிவிட்டார்.

ஜனவரி 26, வெள்ளி

உட்கார முடியவில்லை. காலையில் மூன்று தடவை கடிகாரக் கோபுரம் வரை போய்வந்தேன். நாலாவது தடவை புறப்படும்போது மகன் பூட்ஸ் பார்க்கக் கிளம்பினான். கூடவே போனேன்.

வெள்ளைக்காரர்கள் ஏறி இறங்கி விட்டுப்போன பூட்ஸ், கோட்டு, குளிர்த் தொப்பி எல்லாம் சந்தையில் மலை மாதிரி குவிந்திருக்கின்றன. மகன் ஒரு ஜோடி பூட்ஸை மாட்டி நடந்து பார்த்தான். பக்கத்தில் வாழைக்காய்த் தார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அவன் நடையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்க்கவில்லை. மார்பையும் தோளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

பெயர் சக்கரியா. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷமாகக் கிளிமஞ்சாரோவில் சுமை தூக்குகிறவர். சாயங்காலம் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வலது பக்கமாக உட்காரச் சொன்னார். இடது காது சுத்தமாகக் கேட்காதாம். அவர் மனைவி வாழைக்காயும் இறைச்சியும் போட்டுக் கெட்டியாக ஒரு கஞ்சி கொடுத்தாள். சட்டையை இறக்கி என் தோளில் காய்ப்பைக் காட்டினேன். அவர் குனிந்து உச்சந்தலையைக் காட்டினார். இங்கே தலையில்தான் சுமக்கிறார்கள். மயிர் முளைக்காத வட்டம் ஒன்று இருந்தது.

விழுந்தவர்களை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். இரும்புக் கட்டில், அடியில் ஒரே ஒரு சக்கரம், கீழே ஸ்பிரிங். ஆறு பேர் பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம். சிரித்துவிட்டேன்.

"என்னன்னு கேக்காரு" என்றார் சிஸ்டர்.

"உட்காந்துபோற மனுசனைப் படுக்கப்போட்டு இறக்குதீங்களே, பாதி உசுரு அதுலயே போயிருமேன்னு சொல்லுங்க."

சக்கரியா ரொம்ப யோசித்துவிட்டு ஒரு பதில் சொன்னார். சிஸ்டர் மொழிபெயர்த்தார்: "உட்காருத நேரத்துல எங்களை யாரும் கூப்பிடுததில்ல. படுத்தப்புறம்தான் கூப்பிடுதாங்க."

ஜனவரி 27, சனி

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. உட்காரப் போகிறவன் என்று ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டால், 'டோலி வேணுமா சாமி' என்று கேட்கக் கூடாது. கேட்டால் ரோஷம் வந்து வேகமாக ஏறுவான். ஒன்றும் பேசாமல் காலி டோலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போக வேண்டும். எங்கள் கால் சத்தம் அவன் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான். எந்த இடத்தில் அவனுக்கு முடியாமல் போகிறதோ, அங்கே திரும்பிப் பார்ப்பான். நாற்காலி இருக்கும்.

இன்று மகனுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். வங்கிக்கு, மருந்துக் கடைக்கு, காப்பிக் கொட்டை ஆலை வாசலுக்கு. குஜராத்திகள் கோயிலுக்குப் போனான். நானும் போனேன். சக்கரியாவும் எனக்கு ஐந்தடி பின்னால் வந்தார். அவருக்கு வேலை இல்லாத நாள்.

கோயில் வாசலில் மகன் திரும்பினான்.

"எப்பா, எதுக்கு இப்படிப் பின்னாடியே வாரிய? ஊரே சிரிக்கி. அவரு வேற யாரு?"

"சும்மா நடக்கோம்."

"உங்க நடை எனக்குத் தெரியாதா? இதைப் பாத்துத்தானே வளந்தேன்."

"அப்ப ஏன் கேக்க?"

"என்னைப் பாத்தா டோலிக் கிராக்கி மாதிரி இருக்கா?"

அவன் மூச்சு பேசுகிறதற்கு நடுவில் அறுந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏறாதல மக்கா" என்றேன். "நாப்பத்தினாலு வயசாவுது. வேற எதுலயாவது போய்ப் பாரு. ஜீப்பு போவுதாம்லா பாதி தூரம்."

அவன் படியில் உட்கார்ந்தான். சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் பயம்.

"அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியாரு வரிசையா கேட்டாரு, உங்கப்பா என்ன வேலைன்னு. நான் சொல்லுததுக்கு முந்தி பின்பெஞ்சில இருந்து ஒருத்தன் சொன்னான், இவங்கப்பா அடுத்தவன் சூத்தைத் தூக்குதவருன்னு. கிளாஸே சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சாரு. இத்தனை வருசத்துல நான் சபரிமலைக்குக்கூடப் போனதில்ல, தெரியும்லா? ஒரு மலை. என் கால்ல. ஒரே ஒரு மலைப்பா."

டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். மலை ஏற ஃபாரம் ஒன்று கொடுத்தார்களாம். நெஞ்சு வலி உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்று ஒரு பக்கம் கேள்வி. எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டானாம்.

சக்கரியா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்து மூன்றாகப் பங்கு வைத்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

சிஸ்டர் பூசைக்குப் போனார். நான் வெளியே ஒரு ஊதாப்பூ மரத்தடியில் நின்றேன், உட்கார்ந்தேன், நின்றேன். உள்ளே இருநூறு பேர் பாடுகிறார்கள், சுவர் நடுங்குகிறது.

சாயங்காலம் சிஸ்டர் கேட்காமலே இதைச் சொன்னேன்.

இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம். அந்தக் கார்த்திகை மாசம். எங்கள் டோலியில் நாலு பேர்: முன்னால் நானும் சுடலைமுத்துவும், பின்னால் பரமானந்தமும் தங்கப்பனும். எல்லோரும் புளியரை. பம்பையில் ஒரு சாமியைப் பார்த்தோம். விருதுநகர்ப் பக்கத்து ஆள், பலசரக்குக் கடைக்காரர் என்று பின்னால் தெரிந்தது. வெள்ளைத் துண்டில் ஊதா பார்டர். இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு ரொம்பச் சந்தோஷமாகச் சரணம் சொன்னார். நகத்தைப் பார்த்தேன். நீலிமலை ஏற்றத்தில் பாதிகூடத் தாங்காது என்றேன். காலி டோலியோடு பின்னால் போனோம்.

அவர் நாலு இடத்தில் நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ரோஷக்காரர். அப்பாச்சிமேட்டுக்குக் கீழே போகும்போது, அடியிலிருந்து ஒரு சேட்டு கைதட்டிக் கூப்பிட்டார். கனமான ஆள், பெரிய கிராக்கி. இவர் உட்காருகிற மாதிரி தெரியவில்லை, திரும்பிவிடலாம் என்று தங்கப்பன் சொன்னான். திரும்பிவிட்டோம். சேட்டைத் தூக்கிக்கொண்டு அதே பாதையில் வரும்போது அந்தச் சாமி பாதையோரம் சரிந்து கிடந்தார். மூச்சு இல்லை. முகம் இறக்கத்தைப் பார்த்து இருந்தது. நாங்கள் வந்த பக்கம் பார்த்து.

சிஸ்டர் பேனாவை மூடாமல் கேட்டார்: "அந்தத் தங்கப்பன் இருக்காரா அண்ணாச்சி?"

"இன்னைக்கு இது போதும்மா" என்றேன்.

ஜனவரி 29, திங்கள்

ஆபீஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். மகன் அவர்களோடு சத்தமாகச் சிரிக்கிறான். மலை காலையிலிருந்து சாயங்காலம் வரை மூடாமலே நின்றது. இப்போது போய் மூடாமல் நிற்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

நான் மலைக்குள் போக முடியாது. கேட்டுப் பார்த்தாயிற்று. முழங்கால் இரண்டும் போனவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், சரிதான். சக்கரியா வீட்டுக்குப் போனேன். சிஸ்டரும் வந்தார்.

மகனோடு போகும் கைடு சக்கரியாவின் அக்கா மகன். அவனிடம் சொல்லி ஒரு சுமைக்காரனாகச் சக்கரியாவும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். சுமையைக் குறைத்து எடுக்கட்டும். மற்றவர்கள் எல்லாம் வேகமாக முன்னால் போய்க் கூடாரம் போடுவார்களாம். இவர் போகக் கூடாது. என் மகனுக்குப் பத்தடி பின்னால். ஒன்றும் கேட்கக் கூடாது. தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கக் கூடாது.

சக்கரியா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"கீழே இருந்து யாராவது கூப்பிட்டா?" என்று கேட்டேன். சிஸ்டர் சுவாஹிலியில் கேட்டார். நான் மறுபடி கேட்டேன். "சக்கரியா வா, இங்க வேலை இருக்குன்னு கூப்பிட்டா? அவனைத்தான் மத்தவங்க பாத்துக்கிடுவாங்களேன்னு தோணிச்சுன்னா?"

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சக்கரியா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "மலை ஏறும்போது கீழ்ப்பக்கம் இருக்கது இந்தக் காதுதான்னு சொல்லிக்கிடுவேன்ங்காரு" என்றார் சிஸ்டர். சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தோள் துண்டைக் கொடுத்தேன். மூங்கிலுக்கும் தோளுக்கும் நடுவில் மடித்து வைப்பது. டோலி விட்டுப் பதினெட்டு வருஷமாகியும் அது இல்லாமல் வெளியே போனதில்லை. அவர் அதைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

திரும்பி வரும் வழியில் சிஸ்டரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒன்று தப்பு என்று.

திரும்பலாம் என்று சொன்னது தங்கப்பன் இல்லை. நான். முன் வலது ஆள் நான்தான். நான் திரும்பினால்தான் டோலி திரும்பும். தங்கப்பன் வேண்டாம் என்றான். 'இன்னும் ரெண்டு வளைவுலே, அந்த ஆளு உட்காருவான், நில்லுலே' என்றான். செத்தவரின் தம்பி பம்பைக்கு வந்து, எவன்யா திரும்பினது என்று கேட்டார். நான் தங்கப்பனைக் கைகாட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. அவன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். அந்த ஆள் அவனைச் செருப்பால் அடித்தார். தங்கப்பன் என்னைப் பார்த்தான். மறுநாள் மூங்கிலை வைத்துவிட்டுப் புனலூருக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் ஆளைச் சாகவிட்டவன் என்று அவனுக்குப் பெயர் நின்றுவிட்டது.

முந்தி எழுதியதை அடித்துவிடட்டுமா என்று சிஸ்டர் கேட்டார். அடிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 31, புதன்

மலை வாசலில் ஒரு தராசு தொங்குகிறது. ஒவ்வொரு சுமைக்காரன் மூட்டையையும் நிறுக்கிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் கூடாதாம். பம்பையில் எங்களை யாரும் இப்படி நிறுத்துக் கேட்டதில்லை.

மகன் வரிசையில் நின்றான். கடைசியில் சக்கரியா, தலையில் என் துண்டு, அதன்மேல் மூட்டை. மகன் பார்த்துவிட்டான். துண்டைத்தான் முதலில் பார்த்தான். முகம் சிவந்தது.

"எப்பா."

"என்னல."

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"பாக்காத. யாரு பாக்கச் சொன்னா?"

காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். மரங்களுக்குள் போகிற வரை திரும்பவில்லை. பத்தடி பின்னால் சக்கரியா.

பிப்ரவரி 1, வியாழன்

கடிகாரக் கோபுரத்தைப் பதினான்கு தடவை சுற்றினேன். பழம் விற்கிற அம்மாள் ஒரு முக்காலி போட்டு என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மத்தியானம் சிஸ்டர் மருந்து அறையிலிருந்து ஓடிவந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லையாம்.

"இறக்கிட்டு வாராங்க. உசுரு இருக்கு அண்ணாச்சி. மொதல்ல அதைக் கேட்டுக்கிடுங்க. உசுரு இருக்கு."

வேறு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, சனி

மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். நெஞ்சிலும் ஒரு அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். சிஸ்டர் அதற்கு மேல் மொழிபெயர்க்கவில்லை.

மகன் என்னைப் பார்த்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரிடமே பேசினான்.

"எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. ஆபீஸ்காரங்க, கைடு, எல்லாரும். நான் போட்டோ எடுக்கேன், நீங்க போங்கன்னு சொன்னேன்."

"ம்."

"இவரு மட்டும் பின்னாடி. கால் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாளா எரிச்சலா இருந்துச்சுப்பா. முந்தாநாள் திட்டிக்கூட விட்டேன், தமிழ்ல. அவரு சிரிச்சாரு."

"தண்ணி வேணுமான்னு கேட்டாரா?"

"ஒண்ணுமே கேக்கல. நேத்து காலையில கீழ, ராத்திரி தங்குன முகாம்ல இருந்து விசில் அடிச்சாங்க. இவரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்க. கூடாரத்தை ஏதோ காத்து தூக்கிட்டுப் போகுது போல. இவரு அசையல. அப்பத்தான் எனக்குக் கண்ணைக் கட்டிச்சு. ஒரு பாறையைப் பிடிச்சேன்."

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான்.

"திரும்பிப் பாத்தேம்பா. நின்னுட்டிருந்தாரு. மூட்டையைக் கீழ வச்சிட்டு, உங்க துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, முதுகைக் காட்டிக் குனிஞ்சு நின்னுட்டிருந்தாரு."

முதுகில் உட்காரவைத்துத்தான் பாறைச் சரிவு முழுக்க இறக்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த ஒற்றைச் சக்கரக் கட்டில், அதற்குப் பிறகு ஜீப்பு.

"எத்தனை பேரு பாத்தாங்க தெரியுமா" என்றான் மகன். "ஒருத்தனும் சிரிக்கல."

சக்கரியா வராந்தாவில் இருந்தார். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார். உங்களிடமே இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். நான் குனிந்து அவருடைய கேட்காத காதில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சிஸ்டர் கேட்கிறார். அவருக்குச் சொன்னது அவருக்கே கேட்கவில்லை, உங்களுக்கு எதற்கு என்றேன்.

டைரியில் எங்கள் டோலியின் நாலு பேர் பெயரையும் கடைசியாக ஒருமுறை ஒழுங்காக எழுத வேண்டும் என்றேன். சுடலைமுத்து, சுனாமி வந்த வருஷம் மஞ்சள்காமாலையில் போனான். பரமானந்தம் கொரோனாவின் இரண்டாவது அலையில் தென்காசியில் போனான், முகம்கூடப் பார்க்க விடவில்லை. என்னைக் கணக்கில் எழுத வேண்டாம், நான் இருப்பதுதான் தெரிகிறதே.

சிஸ்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் உள்ளே போய் மகனிடம் ஊருக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னேன். ஊரில் இப்போது சாயங்காலம், ரேஷன் கடை பெஞ்சில்தான் இருப்பான். முப்பத்தொன்பது வருஷமாக நான் வருவதைக் கண்டால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போகிறவன். ரேஷன் கடைக்காரர் நம்பர் மகனிடம் உண்டு.

"இந்த நேரத்துல ரேஷன் கடைக்கு எதுக்குப்பா?" என்றான். மூக்குக் குழாயோடு போனை நெஞ்சில் வைத்து எண்களை அழுத்தினான். மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. "யாரைக் கூப்பிடச் சொல்லணும்?"

நாலு பேரில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன்தான்.

"தங்கப்பன்" என்றேன்.